கையெழுத்து விழாத ஏழாம் தொட்டி

எங்கள் கட்டடத்து லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்று யோசித்துக்கொண்டிருக்கும். அப்போதெல்லாம் பார்க்கப் பாவமாக இருப்பவர் என் பக்கத்து வீட்டு லிஃப்ட்காரர்தான். முப்பது வருஷமாக ஊரார் லிஃப்டுகளையெல்லாம் ஓட வைக்கிற மனிதர், தோளில் கனத்த கருவிப் பையோடு நான்கு மாடியும் மூச்சிரைக்க ஏறி வருவார்.

"ஒரு பத்து நிமிஷம் பாத்துட்டுப் போங்களேன் சார். உங்களுக்குத் தெரியாததா?" என்று காவல்காரர் கெஞ்சுவார்.

"தெரியும். ஆனா இதப் பராமரிக்கிறது வேற கம்பெனி. அவன் எண்ணெய் போட்ட மெஷின்ல நான் கை வெச்சா, சீட்டுல யார் கையெழுத்துப் போடறது?"

அதோடு பேச்சு முடிந்தது. அடுத்த படியில் கால் வைத்துவிடுவார்.

அவர் தொழிலில் ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு சீட்டு உண்டு. என்றைக்குப் பார்த்தது, யார் பராமரித்தது, யார் சோதித்தது என்று மூன்று கட்டங்கள். தான் பராமரிக்காத எதற்கும் தன் பெயரை எழுதியதில்லை என்பதுதான் அவருடைய வாழ்நாள் பெருமை. ஒருமுறை எவனோ பார்த்த லிஃப்டுக்கு இவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார் மேலாளர். இவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பலன், ஊர்க் கோடியில் இருந்த ஒரு கிடங்குக்குத் தூக்கி அடித்தார்கள். அங்கே லிஃப்டே கிடையாது, ஒரு ஏணிதான். நாலு வருஷம் கழித்து இவர் திரும்பி வந்தபோது அந்த ஏணியிலும் ஒரு சீட்டு தொங்கியதாம், மூன்று கட்டமும் நிரம்பி.

இப்படிப்பட்டவரோடு குடும்பம் நடத்துகிறவர் தையல்காரம்மா. பழைய துணி பிரித்துத் தைப்பது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது எல்லாம் அவர் தொழில். வீட்டில் இரண்டே அறை. மெஷின் படுக்கையறையில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா அதன் முன்னால் உட்கார வேண்டுமென்றால் கட்டில் முனையைத் தாண்டிக் குதிக்க வேண்டும். ஜன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர், வெளிச்சம் என்று ஒரு கைக்குட்டை அளவுதான் வரும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் கோக்கும் நாள்களில் பால்கனிக்குப் போய் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இரவில் லிஃப்ட்காரர் புரண்டு படுத்தால் ஒரு குண்டூசி குத்தும். அவர் முதுகில் இதுவரை இறங்கிய குண்டூசிகளை உருக்கினால் ஒரு சின்ன லிஃப்டே செய்யலாம்.

ஆகவே தையல்காரம்மாவுக்குப் பால்கனி வேண்டும். பால்கனியில்தான் பேசில் வந்து உட்கார்ந்தது.

பேசில் என்பது துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கை. முகஜாடை ஒன்று, குணம் வேறு. வெளியூரில் வேலை பார்க்கும் அவர்கள் மகள், இருபத்தாறு வயதானாலும் வீட்டில் 'பாப்பா' என்றே கூப்பிடப்படுகிறவள், எங்கேயோ அந்த இலையில் செய்த பெஸ்டோவைச் சாப்பிட்டிருக்கிறாள். இலையோடு பூண்டு, பருப்பு, கெட்டிச் சீஸ், ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்து, வெந்த பாஸ்தாவில் பிரட்டுவார்களாம். அப்பாவுக்கு ஒரு விதைப் பாக்கெட் வாங்கி அனுப்பினாள். அப்பா ஏழு தொட்டி வாங்கினார். ஒவ்வொன்றிலும் மூன்று விதை ஊன்றினார். விதைப் பாக்கெட்டைப் பிரித்து விரித்து, படம் மேலே தெரியும்படி தன் பதிவேட்டில் பசை தடவி ஒட்டினார். லிஃப்ட் வேலையில் மாற்றிய சாமான் எதுவானாலும் அதன் உறையைப் பதிவேட்டில் ஒட்டி வைப்பது அவர் வழக்கம். பாக்கெட்டின் முதுகுப் பக்கம் தாளோடு தாளாக ஒட்டிப்போனது. அந்த முதுகில்தான் செடி வளர்க்கிற முறை எழுதியிருந்தது.

தொட்டிகள் வந்த அன்றே சண்டையும் வந்தது. அன்று வீட்டில் தையல்காரம்மாவின் தம்பியும் இருந்தார். ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். அக்கா வீட்டுச் சண்டை என்றால் அவருக்குப் பசிகூட எடுக்காது.

"ஏங்க, மனுஷி உக்கார இடமில்ல. இலைக்கு ஏழு நாற்காலியா?"

"இது வெறும் இலை இல்லம்மா. சாப்பாடு."

"போன தடவை புதினா வெச்சீங்க. அதுக்கு முன்னாடி மிளகாய். என்னைக்காவது அந்தத் தொட்டியிலேர்ந்து தட்டுக்கு ஏதாவது வந்துச்சா?"

"அக்கா, மாமா வெச்ச மிளகாய் வந்துச்சே. ஒண்ணு. நான்தான் தின்னேன். காரமே இல்ல" என்றார் தம்பி.

லிஃப்ட்காரர் மச்சினனை ஒரு பார்வை பார்த்தார். தையல்காரம்மா அங்கேயே பந்தயம் கட்டினார். பத்து வாரம் கழித்துப் பாப்பா லீவில் வருகிறாள். அவள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாலு பேருக்கு ஒரு வேளை பெஸ்டோ இந்தத் தொட்டிகளிலிருந்து வர வேண்டும். வந்தால் பால்கனி லிஃப்ட்காரருக்கு, இனி அந்தப் பேச்சே கிடையாது. வராவிட்டால் திங்கட்கிழமை மெஷின் பால்கனிக்குப் போகும், தொட்டிகள் கீழே போகும்.

"தீர்ப்புச் சொல்ல நான் இருக்கேன். எந்தப் பக்கமும் சாய மாட்டேன்" என்றார் தம்பி, அக்கா தந்த டீயை உறிஞ்சிக்கொண்டே.

மறுநாள் ஏழு தொட்டிகளிலும் சீட்டு தொங்கியது. 'முழுப் பளு வரும்வரை கை வைக்கக் கூடாது.' புது லிஃப்டை ஓட விடுவதற்கு முன் முழுப் பளுவையும் ஏற்றிச் சோதிப்பார்கள். அதுவரை ஒரு ஆளைக்கூட ஏற்றக் கூடாது. லிஃப்டுக்கு எதுவோ அதுவே செடிக்கும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். தண்ணீர் ஊற்றினார், மண் கிளறினார், காலையில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு இலையைக் கிள்ளவில்லை. என் வீட்டுப் பால்கனிக்கும் அவர்களுடையதற்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். "ஒண்ணே ஒண்ணு, வாசனை பாக்கத்தான்" என்று நான் கை நீட்டியபோது, உயரழுத்த மின்கம்பியைத் தொடப் போனவளைத் தடுப்பதுபோல் குறுக்கே பாய்ந்தார்.

செடிகள் வளர்ந்தன. சும்மா வளரவில்லை. எட்டாவது வாரத்தில் ஒரு செடி ஐந்தாம் மாடிக்காரர் பால்கனிக்குள் தலையை நீட்டியது, அவரும் அதில் ஒரு துண்டைக் காயப் போட்டார். நம்ப முடியவில்லையா, சரி, கைக்குட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படியோ ஆறு தொட்டிகளில் ஒற்றைத் தண்டாக ஓங்கி நின்றன. உச்சியில் வெள்ளைப் பூங்கொத்து வேறு. லிஃப்ட்காரர் பூவைப் பார்த்துப் பூரித்துப்போனார். பதிவேட்டில் 'வளர்ச்சி மிக நன்று' என்று ஆறு முறை எழுதினார்.

ஏழாவது தொட்டிதான் அவரைத் தலைகுனிய வைத்தது. அது மூலையில், தையல்காரம்மா கவிழ்த்துப் போடும் வாளிக்குப் பக்கத்தில் இருந்தது. முழங்கால் உயரத்துக்கு மேல் எழவே இல்லை. ஒவ்வொரு வாரமும் அதற்கு நேராக ஒரே வார்த்தையைத்தான் எழுதினார். 'குள்ளம்.' உரம் மாற்றிப் பார்த்தார். தொட்டியைத் திருப்பி வைத்துப் பார்த்தார். அது மேலே போக மறுத்துப் பக்கவாட்டில் பெருத்தது. கடைசியில் வருகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்கத் துடைப்பத்தை முன்னால் சாய்த்து மறைத்தார்.

அது ஏன் குள்ளம் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் ஒரு மணிக்கு அவர் ஏதாவது ஒரு லிஃப்டின் மெஷின் ரூமில் இருப்பார். இங்கே தையல்காரம்மா வாளியில் உட்கார்ந்து, கழுத்தில் தொங்கும் நூல் கத்தரியால் அந்தச் செடியின் நுனியை நறுக்குவார். தம்பி கொண்டுவந்து போடும் ரொட்டியில் ஒரு தக்காளித் துண்டு, அதன்மேல் நாலு இலை, கொஞ்சம் உப்பு. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். முதல் நாள் நான் சுவருக்கு மேலே தலையை நீட்டியதும் திடுக்கிட்டார். பிறகு ஒரு துண்டு ரொட்டியை எனக்கும் நீட்டினார். லஞ்சம் என்று தெரிந்தேதான் வாங்கிக்கொண்டேன். நன்றாக இருந்ததால் மறுநாளும் தலையை நீட்டினேன்.

"நல்லா இருக்குன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. பால்கனி போயிடும்" என்றார்.

"சொல்லல. ஆனா ஒரே செடியவே நறுக்குறியே, கண்டுபிடிச்சிட மாட்டாரா?"

"ஒரு தொட்டி குறைஞ்சா அந்த அளவு இலை அவருக்குக் குறையும்ல. அதான் தினமும் நறுக்கறேன். எழும்பவே விட மாட்டேன்."

பசியும் போயிற்று, பந்தயத்திலும் ஒரு கல்லைப் போட்டாயிற்று என்று அவருக்குத் திருப்தி. எனக்கும் செடியைப் பற்றி அதற்கு மேல் தெரியாது. எங்கள் இருவர் அறிவும் சேர்ந்து எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பாப்பா வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு லிஃப்ட்காரர் வேலைக்குப் போகும் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு பால்கனிக்கு வந்தார். ஒரு கையில் வடிதட்டு, இன்னொரு கையில் பதிவேடு. மச்சினன் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் என் பக்கத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே துணியை ஒன்பது முறை காயப் போட்டேன்.

பாப்பா முதல் தொட்டியில் ஒரு இலையைப் பறித்து வாயில் போட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவர் கையிலிருந்த வடிதட்டு தாழ்ந்தது.

"அப்பா, கசக்குதுப்பா."

"புதுசா இருக்கறதால அப்படித் தெரியும்."

"இல்லப்பா. பூ விட்டுடுச்சு. பூ விட்டா இலை சின்னதாயிடும், கசந்தும் போயிடும். நுனியக் கிள்ளவே இல்லையா நீங்க?"

"எதுக்குக் கிள்ளணும்? வளர்ற பிள்ளையக் கிள்ளுவாங்களா?"

"கிள்ளினாத்தான் ரெண்டு கிளை விடும். பாக்கெட் பின்னாடியே போட்டிருந்துச்சே."

அவர் பதிவேட்டைத் திறந்தார். படம் பளிச்சென்று சிரித்தது. நகத்தால் ஒரு முனையைக் கிளப்பிப் பார்த்தார், வரவில்லை. பசை அவர் வாங்கியது, லேசில் விடுமா. கொதிக்கிற கெட்டிலின் ஆவியில் அந்தப் பக்கத்தைக் காட்டி உரித்தெடுக்கக் கால் மணி நேரமாயிற்று. பாதி எழுத்து தாளோடு போய்விட்டது. மிச்சத்தில் 'நான்கு அடுக்கு இலை வந்ததும் நுனியைக் கிள்ளவும், பூக்க விடக் கூடாது' என்பது மட்டும் தெளிவாக இருந்தது. அதை இரண்டு முறை படித்தார். பால்கனிக்கு வந்து ஆறு தொட்டிகளையும் உருவத் தொடங்கினார். ஒவ்வொரு இலையும் கட்டைவிரல் நகம் அளவு. பதினெட்டுத் தண்டை மொட்டையடித்த பிறகும் வடிதட்டின் அடிப்பக்க ஓட்டைகள் தெரிந்தன.

"மாமா, நாலு பேருக்குன்னுதானே பேச்சு? எறும்புன்னா நானூறு பேர் சாப்பிடலாம்" என்றார் மச்சினன்.

"நீ தீர்ப்பு மட்டும் சொல்லு. கதை சொல்லாத."

மனிதர் விடவில்லை. பூண்டை உரித்தார், அக்ரூட் பருப்பை உடைத்தார், சீஸைத் துருவினார், எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு எண்ணெய் ஊற்றி ஓட விட்டார். ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்பா, விட்டு விட்டு அரைக்கணும். சூடானா இலை கறுத்துடும்."

"மோட்டார விட்டு விட்டுப் போட்டா காயில் எரிஞ்சு போயிடும்மா. முப்பது வருஷமா மோட்டாரோடதான் இருக்கேன்."

மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்தது லிஃப்ட் கம்பியிலிருந்து வழித்தெடுத்த பழைய கிரீஸ் மாதிரி இருந்தது. பாப்பா விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். மச்சினன் தீர்ப்பைச் சொல்ல வாயெடுத்தார், மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அடுப்பில் பாஸ்தாவுக்கு வைத்த தண்ணீர் கொதித்தது. லிஃப்ட்காரர் சிங்க் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது அந்தப் பால்கனி ஒன்றுதான். நாளெல்லாம் இருட்டு மெஷின் ரூமிலும் கிணறு மாதிரி லிஃப்ட் குழியிலும் கிடந்துவிட்டு வருகிறவருக்கு, சாயங்காலம் வானத்துக்குக் கீழே நிற்க இருந்த மூன்றடி இடம். தையல்காரம்மா கட்டில் முனையில் உட்கார்ந்து ஊசிப் பெட்டியை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஜெயித்தவர் மாதிரி இல்லை அவர் முகம்.

அப்போதுதான் பாப்பா வெளியே குப்பையைக் கூட்டப் போய்த் துடைப்பத்தை எடுத்தாள்.

"அப்பா, இங்க வாங்க. இதை ஏன் மறைச்சு வெச்சிருக்கீங்க?"

"அது குள்ளம்மா. தேறாத கேஸ்."

"இதுதாம்ப்பா செடி."

தலையணைக்குப் பஞ்சு அடைத்ததுபோல் இருந்தது அது. ஒரு பூ இல்லை. உள்ளங்கை அளவு இலைகள், குவிந்து, எண்ணெய் தடவினாற்போல் மின்னின. பாப்பா பத்துக் கிளை வெட்டியதும் வடிதட்டு நிரம்பிவிட்டது. செடியைப் பார்த்தால் ஒன்றும் குறைந்ததாகவே தெரியவில்லை. குளிர்ந்த தண்ணீரில் அலசி, துண்டில் ஒற்றி, இந்தத் தடவை அவளே விட்டு விட்டு அரைத்தாள். ஒவ்வொரு முறை மிக்ஸி நின்றபோதும் அவர் தோள் ஒரு தூக்கு தூக்கிப் போட்டது. மூடியைத் திறந்ததும் எழுந்த வாசனை சுவரைத் தாண்டி என் வீட்டுக்கு வந்து என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போயிற்று. யாரும் கூப்பிடாமலேயே ஐந்தாவது தட்டோடு போய் உட்கார்ந்தேன்.

பாப்பா பாஸ்தாவில் பிரட்டித் தட்டுகளில் போட்டாள். மச்சினன் இரண்டாவது முறை போட்டுக்கொண்டார், மூன்றாவதும் போட்டுக்கொண்டார். பிறகு தட்டை ரொட்டியால் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு அறிவித்தார்.

"தொட்டியிலேர்ந்து வந்துச்சு. நாலு பேருக்கு வந்துச்சு. பக்கத்து வீட்டம்மாவுக்கும் வந்துச்சு. அக்கா, பால்கனி மாமாவுக்குத்தான்."

தையல்காரம்மா தலையை ஆட்டினார். தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

லிஃப்ட்காரர் எழவில்லை. வடிதட்டில் மிஞ்சியிருந்த ஒரு கிளையைக் கண்ணுக்கு அருகில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு பழைய வெட்டுக்காயம். கையால் கிள்ளியதாக இருந்தால் நைந்திருக்கும். இது சாய்வாக, சுத்தமாக, ஒரே வெட்டு. தேய்ந்த கம்பியின் ஒரு இழையைப் பார்த்து எந்தச் சக்கரம் தின்றது என்று சொல்கிற கண் அது. நிமிர்ந்து மனைவியின் கழுத்தில் தொங்கிய நூல் கத்தரியைப் பார்த்தார்.

"அதைக் குடு."

"எதை?"

"கத்தரிய."

தையல்காரம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கத்தரியின் உள்வாயில் பச்சைக் கறை ஏறியிருந்தது. லிஃப்ட்காரர் அதை வாங்கி முகர்ந்தார்.

"எத்தனை நாளா?"

"முளைச்சு ஒரு சாண் வந்ததுலேர்ந்து."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை லீவு. நீங்க வீட்ல இருப்பீங்கள்ல."

"எதுக்கு?"

"ரொட்டியில வெச்சுச் சாப்பிட. அப்புறம், அது வளரக் கூடாதுன்னு."

பாப்பா சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. போய் ஏழாவது தொட்டியின் சீட்டைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். பதிவேட்டில் பதினெட்டுத் தண்டுக்கும் நேராக 'தோல்வி' என்று எழுதினார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"நான் ஜெயிக்கல. இதப் பராமரிச்சது நான் இல்ல. நாளைக்கு மெஷின் பால்கனிக்குப் போகும்."

எல்லாரும் சந்தோஷப்பட வேண்டிய இடம் இது. தையல்காரம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

"இதென்னங்க கூத்து? நான் உங்கள தோக்கடிக்கத்தான் வெட்டினேன். அதனால ஜெயிச்சீங்க. ஜெயிச்சோமேன்னு வாங்கிட்டுப் போங்களேன். நீங்க விட்டுக் குடுத்து நான் உக்கார மாட்டேன் அங்க."

"விட்டுக் குடுக்கல. சீட்டுப்படி சொல்றேன்."

"சீட்டக் கொண்டுபோய் லிஃப்ட்ல தொங்க விடுங்க."

"சரி, பராமரிப்பாளர்னு இருக்கிற கட்டத்துல ஒரு கையெழுத்துப் போடு. இந்தத் தொட்டி உன்னுது, பால்கனி உன்னுது. முடிஞ்சுது."

"போட மாட்டேன். போட்டா நான் திருடித் தின்னேன்னு எழுத்துல இருக்கும்."

"அதுதானே நடந்தது?"

"நடந்தா? எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கணுமா?"

மச்சினன் தீர்ப்பை மாற்றிச் சொல்லிப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தார்கள். வேனில் ரொட்டி காத்திருக்கிறது என்று அவர் நழுவினார். ஞாயிற்றுக்கிழமை எந்த ரொட்டி காத்திருந்ததோ தெரியாது. நானும் என் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் அவரே மெஷினைப் பெயர்த்து, கட்டிலைத் தாண்டித் தூக்கிவந்து பால்கனியில் வைத்தார். கால்கள் ஆடாமல் இருக்க அடியில் ரப்பர் கொடுத்தார். ஆறு தொட்டிகளும் கீழே போயின. காவல்காரர் அவற்றில் என்ன வைப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். தையல்காரம்மா மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை, வீம்பு. நாலாம் நாள் கறுப்புக் கோட் ஒன்று தைக்க வந்தது. போய் உட்கார்ந்தார்.

இப்போது சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்தால் நிற்க இடமில்லாமல் பால்கனிக் கதவில் சாய்ந்து நிற்கிறார். வானத்தில் பாதியை மெஷின் மறைக்கிறது. ஏழாவது தொட்டி மெஷினுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கிறது. சீட்டைத் திரும்பவும் அதில் கட்டிவிட்டார். தேதி இருக்கிறது, சோதித்தவர் பெயர் இருக்கிறது. நடுக்கட்டம் காலி.

நேற்று சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருப்பது தெரியாமல் அவர் கேட்டார்.

"ஒரு நாலு இலை கிள்ளிக்கட்டுமா? ரொட்டிக்கு."

"என்னைக் கேக்கறீங்க? அது யார் செடி?"

"கையெழுத்துப் போட்டா சொல்றேன்."

பதிலுக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. ஒரு முழத் தையல் போன பிறகு நின்றது. நூல் கத்தரி ஒருமுறை நறுக்கும் சத்தம் கேட்டது. அவர் ஒரு தாளில் எதையோ வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சீட்டை எட்டிப் பார்த்தேன். நடுக்கட்டம் காலியாகத்தான் இருந்தது.